முதலில் உறிஞ்சி, அப்புறம் ரம்பம்

வீட்டில் மரவேலை ஆரம்பிக்கிற நம் ஆட்கள் எல்லோரும் கிட்டத்தட்ட ஒரே வரிசையில்தான் சாமான் வாங்குகிறார்கள். முதலில் ஒரு டிரில். அப்புறம் ஜிக்சா. தீபாவளி ஆஃபரில் ஒரு சர்க்குலர் ரம்பம். போனஸ் வந்ததும் டேபிள் சா, ரவுட்டர், சாண்டர். நாலு வருஷம் கழித்து, காயப் போட்ட துணியெல்லாம் தூளாக இருக்கிறதே என்று வீட்டில் சத்தம் கிளம்பிய பிறகு, கடைசியாக ஒரு வேக்குவம் கிளீனர்.

என் கருத்து இதுதான்: இந்த வரிசையைத் தலைகீழாகத் திருப்ப வேண்டும். தூசி உறிஞ்சி வாங்கக் காசில்லை என்றால் மின்சார ரம்பம் வாங்கவும் காசில்லை என்றே அர்த்தம். அதுவரைக்கும் கைரம்பம், உளி, இழைப்புளி போதும். நம் தாத்தா காலத்துக் கதவும் கட்டிலும் அதில்தான் செய்தவை. ஒன்றும் குறைந்து போகவில்லை.

"மரத்தூள்தானே, என்ன பெரிய விஷமா?" என்று கேட்பீர்கள். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள், கணக்கோடு சொல்கிறேன்.

நான் இருப்பது பெங்களூருக்குத் தெற்கே ஆனேக்கல் தாலுகாவில். சந்தாபுரா, அத்திப்பள்ளி, ஜிகனி, சர்ஜாபுரா எல்லாம் இந்தத் தாலுகாதான். எல்லையைத் தாண்டினால் ஓசூர். எலக்ட்ரானிக் சிட்டிக்கும் பொம்மசந்திராவுக்கும் வேலைக்கு வந்த தமிழ்க் குடும்பங்கள் எத்தனையோ இந்தப் பக்கம் மனை வாங்கி வீடு கட்டியிருக்கின்றன, இல்லையென்றால் அடுக்குமாடியில் ஃபிளாட் வாங்கியிருக்கின்றன. வாடகை வீட்டில் ஆணி அடிக்கவே ஓனரிடம் அனுமதி கேட்டுப் பழகியவனுக்குச் சொந்தமாக ஒரு கார் ஷெட் கிடைத்தால் கை பரபரக்கத்தானே செய்யும்? ஞாயிற்றுக்கிழமை காலையில் இட்லி சாப்பிட்டு முடித்ததும் தெருவில் இரண்டு வீட்டிலாவது ரம்பச் சத்தம் கேட்கிறது. நல்ல விஷயம். வாரம் முழுக்கத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தவன் தன் கையால் ஒரு முக்காலி செய்து அதில் உட்கார்ந்து பார்க்கும் சுகம் தனி. அதை நிறுத்தச் சொல்லி இதை எழுதவில்லை.

கன்னடத்தில் ஆனெகல்லு என்றால் ஆலங்கட்டி. ஆலங்கட்டி விழுந்தால் கூரை சத்தம் போடும். நாமும் ஓடி ஒதுங்கிவிடுவோம். நான் சொல்ல வந்த சமாச்சாரத்தில் சிக்கலே அது சீக்கிரம் விழுவதில்லை என்பதுதான்.

எந்தத் தூள்?

மரத்தை அறுத்தால் இரண்டு விதமாகத் தூள் கிளம்புகிறது. ஒன்று ரம்பத்துக்குக் கீழே குவிகிற தூள். ஊரில் மரத்தூள் அடுப்பு வைத்திருந்த வீடுகளுக்கு இது நன்றாகத் தெரியும். சாக்கில் அள்ளி வந்து, அடுப்பில் இடித்து நிரப்பி எரிப்பார்கள். அதைப் பெருக்கலாம், அள்ளலாம். கண்ணை உறுத்தும், தும்மல் வரும். ஆனால் பெரும்பாலும் மூக்கிலேயே நின்றுவிடும்.

இன்னொன்று காற்றில் போகிற தூசி. தலைமுடி ஒன்றின் தடிமன் சுமார் 70 மைக்ரான். 10 மைக்ரானுக்குக் கீழே இருக்கிற துகள் தொண்டையைத் தாண்டி மூச்சுக்குழாய்க்குள் போகும். 2.5 மைக்ரானுக்குக் கீழே போனால் நுரையீரலின் அடியில் இருக்கும் காற்றறை வரைக்கும் போய் உட்காரும். உப்புத்தாள் போட்டுத் தேய்க்கும்போதும், சாண்டர் ஓடும்போதும், எம்.டி.எஃப் பலகையை அறுக்கும்போதும் இந்த ரகம்தான் அதிகம்.

இது தரைக்கு வர எவ்வளவு நேரமாகும்? தண்ணீரின் அடர்த்தி உள்ள ஒரு துகள், அசையாத காற்றில், ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து (அதாவது ஏறக்குறைய நம் மூக்கின் உயரம்) விழுவதாக வைத்துக்கொண்டு ஸ்டோக்ஸ் விதிப்படி கணக்குப் போட்டால் இப்படி வரும்:

100 மைக்ரான்: சுமார் 6 விநாடி
10 மைக்ரான்: சுமார் 8 நிமிடம்
2.5 மைக்ரான்: 2 மணி நேரத்துக்கு மேல்
1 மைக்ரான்: சுமார் 12 மணி நேரம்

அதுவும் அசையாத காற்றில். நம் வீடுகளில் அசையாத காற்று எங்கே இருக்கிறது? தலைக்கு மேலே சீலிங் ஃபேன் சுற்றிக்கொண்டிருக்கும். அப்படியென்றால் விழ வேண்டியதும் விழாது, விழுந்ததும் மறுபடி எழும்பும். காலையில் அறுத்துவிட்டு, பெருக்கிவிட்டு, "சுத்தமாயிடுச்சு" என்று முகமூடியைக் கழற்றுகிறோமே, அப்போது காற்றில் இன்னும் நிறையவே மிதந்துகொண்டிருக்கும். பார்த்தால் தெரியாது என்பதால் இல்லை என்று நினைத்துக்கொள்கிறோம்.

எவ்வளவு தூசி இருந்தால் அதிகம்?

அமெரிக்காவின் நியோஷ் நிறுவனம் மரத்தூசிக்குப் பரிந்துரைக்கும் உச்ச அளவு ஒரு கன மீட்டர் காற்றில் 1 மில்லிகிராம். ஐரோப்பிய ஒன்றியத்தில் கடினமரத் தூசிக்கு 2023 தொடக்கம் முதல் 2 மில்லிகிராம். பிரிட்டனில் 5 ஆக இருந்ததை 2020-ல் 3 ஆகக் குறைத்தார்கள். இவையெல்லாம் ஒரு நாள் வேலை நேரத்துக்கான சராசரி.

இதை நம் ஷெட்டுக்குக் கொண்டுவருவோம். 10 அடி அகலம், 20 அடி நீளம், 10 அடி உயரம். மொத்தம் 2000 கன அடி, அதாவது சுமார் 57 கன மீட்டர். அந்த அறை முழுவதும் சேர்த்து 57 மில்லிகிராம் தூசி மிதந்தாலே நியோஷ் சொல்கிற எல்லையைத் தொட்டாயிற்று. ஒரு சிட்டிகை உப்பு முந்நூறு மில்லிகிராமுக்குக் குறையாது. சிட்டிகையில் ஐந்தில் ஒரு பங்குகூட வேண்டாம்!

இப்போது இன்னொரு பக்கம். 18 மி.மீ. பிளைவுட் ஷீட் ஒன்றை நீளவாக்கில், எட்டடிக்கு, ஒரே ஒரு முறை அறுக்கிறோம். பிளேடு 3 மி.மீ. தின்னும். 244 செ.மீ. நீளம், 1.8 செ.மீ. தடிமன், 0.3 செ.மீ. அகலம், பெருக்கினால் சுமார் 130 கன சென்டிமீட்டர் மரம் தூளாகிறது. எடையில் ஏறக்குறைய 80 கிராம். இதில் பெரும்பகுதி கீழேதான் விழும். ஆனால் ஆயிரத்தில் ஒரு பங்கு காற்றில் ஏறி மூடிய அறைக்குள் நின்றாலும் 80 மில்லிகிராம். எல்லையைத் தாண்டியாகிவிட்டது. ஒரு அலமாரிக்கு இப்படி எத்தனை அறுப்பு? அதற்கப்புறம் சாண்டர் வேறு இருக்கிறது.

இதனால் என்ன ஆகும்?

இங்கிலாந்தில் ஹை விக்கம் என்று ஒரு ஊர். நாற்காலிக்குப் பேர்போன ஊர், ஊரே தச்சுப் பட்டறை. அங்கே காது மூக்கு தொண்டை மருத்துவராக இருந்த எஸ்மி ஹாட்ஃபீல்ட் 1960-களில் ஒரு விஷயத்தைக் கவனித்தார். மூக்குக்குள் வருகிற ஒருவகைப் புற்றுநோய், மற்ற இடங்களில் மிக அபூர்வமானது, அவரிடம் வருகிற மரச்சாமான் தொழிலாளர்களிடம் திரும்பத் திரும்பத் தென்பட்டது. ஆக்ஸ்ஃபோர்டில் இருந்த டொனால்ட் அச்சிசன் முதலானவர்களோடு சேர்ந்து எண்ணிக்கையைத் திரட்டி 1968-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியிட்டார்கள். 1995-ல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை மரத்தூசியை முதல் பிரிவில் சேர்த்தது. மனிதருக்குப் புற்றுநோய் தரும் என்று உறுதியானவற்றுக்கான பிரிவு அது. புகையிலையும் ஆஸ்பெஸ்டாஸும் அதே பிரிவில்தான் இருக்கின்றன. பிளைவுட்டையும் எம்.டி.எஃப்-ஐயும் ஒட்டுகிற பசையில் இருக்கும் ஃபார்மால்டிஹைடும் 2004-ல் அந்தப் பிரிவுக்குப் போயிற்று.

பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. ஒரே பிரிவு என்றால் ஒரே அளவு ஆபத்து என்று அர்த்தமில்லை. இந்த மூக்குப் புற்று, பல பத்தாண்டுகள் தினமும் தூசியில் நின்றவர்களுக்கு வருவது. அவர்களிலும் அபூர்வம். ஞாயிற்றுக்கிழமை ஆசாரிக்கு அதைவிடப் பக்கத்தில் இருப்பது ஆஸ்துமாவும் ஒவ்வாமையும். பிரிட்டனின் தொழில் பாதுகாப்புத் துறை, தச்சர்களுக்கு ஆஸ்துமா வரும் வாய்ப்பு அந்நாட்டின் மற்றத் தொழிலாளர்களைவிட நான்கு மடங்கு என்கிறது. தேக்கிலும் ஈட்டியிலும் தோலை அரிக்க வைக்கும் பொருள்கள் இயற்கையாகவே உண்டு. தேக்கை இழைத்துவிட்டு முழங்கை மடிப்பில் தடிப்போடு வருகிற ஆசாரிமாரைக் கேட்டுப் பாருங்கள். ஒவ்வாமையில் மோசமான பகுதி என்னவென்றால், அது முதல் நாள் வராது. உடம்பு கொஞ்சம் கொஞ்சமாகப் பழகி, ஒரு நாள் திரும்பிக்கொள்ளும். அதற்கப்புறம் கொஞ்சம் தூசியே போதும்.

இதில் நம் ஊர் விசேஷம் ஒன்றும் இருக்கிறது. பெங்களூரின் குழந்தை நுரையீரல் மருத்துவர் எச். பரமேஷ், தன் மருத்துவமனைக்கு வந்த 18 வயதுக்குட்பட்டவர்களை இருபது வருஷம் கணக்கெடுத்தார். 1979-ல் அவர்களில் 9 சதவீதம் பேருக்கு ஆஸ்துமா. 1999-ல் 29.5 சதவீதம். அதற்கு மரத்தூசி காரணம் என்று யாரும் சொல்லவில்லை. வாகனப் புகை, நகரம் பெருத்தது என்று பல காரணங்கள். நான் சொல்வது வேறு. ஏற்கெனவே இழுப்பு உள்ள பிள்ளைகள் நிறைந்த ஊரில், அவர்கள் தூங்குகிற அறைக்கு அடுத்த கதவில் நாம் சாண்டர் ஓட்டுகிறோம்.

"எங்க ஊர் ஆசாரிக்கு எண்பது வயசு"

இந்தப் பேச்சை எடுத்தால் உடனே ஒருவர் இதைச் சொல்வார். எங்க ஊர் ஆசாரிக்கு எண்பது வயசு, வாழ்க்கை முழுக்க மரத்தூள்தான், கல்லு மாதிரி இருக்கார்.

சரிதான். ஆனால் அவர் எங்கே உட்கார்ந்து வேலை செய்தார்? வேப்பமரத்தடியில். இல்லையென்றால் மூன்று பக்கமும் திறந்த கொட்டகையில். எதை வைத்து? இழைப்புளியை வைத்து. இழைப்புளி தள்ளினால் வருவது சீவல்; சுருள் சுருளாகக் காலடியில் விழும், காற்றில் ஏறாது. கைரம்பம் மெதுவாக ஓடுவது, அதன் தூளும் பெருந்தூள். அவர் அறுத்தது பசை இல்லாத முழு மரம். நாம் செய்வது என்ன? நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கில் சுற்றும் பிளேடு, பசையில் ஒட்டிய பலகை, ஷட்டர் இறக்கிய ஷெட், மேலே ஒரு ஃபேன். இரண்டுக்கும் பெயர் மட்டும்தான் ஒன்று.

இன்னொன்று. எண்பது வயது ஆசாரியை நாம் பார்க்கிறோம். ஐம்பதில் இருமி இருமிப் போனவரை யார் எண்ணி வைத்தார்கள்? "பீடி குடிச்சான், போயிட்டான்" என்று முடித்துவிடுவோம்.

"வாரத்துக்கு ரெண்டு மணி நேரம்தானே" என்பது அடுத்த சமாதானம். பட்டறைத் தொழிலாளி வேலை முடிந்ததும் பட்டறையை விட்டுக் கிளம்பிவிடுகிறான். நமக்கு வீடுதான் பட்டறை. ரம்பம் நிற்பது இரண்டு மணி நேரத்தில். தூசி இருப்பது மறுநாள் வரைக்கும். அதைச் சுவாசிப்பதும் நாம் மட்டும் இல்லை. ஊரிலிருந்து வந்து தங்கியிருக்கிற அம்மாவுக்கு வீசிங், பையனுக்கு இன்ஹேலர். "பெங்களூர் குளிர் ஒத்துக்கல" என்று குளிர் மேல் பழியைப் போட்டுவிடுகிறோம்.

என்ன செய்யலாம்?

தொழிற்சாலைப் பாதுகாப்பில் ஒரு பழைய ஒழுங்கு உண்டு. ஆபத்து பிறக்காமல் செய். முடியாவிட்டால் பிறந்த இடத்திலேயே பிடி. அதையும் தப்பியதை அறையிலிருந்து வெளியேற்று. கடைசியாக ஆளுக்குக் கவசம் மாட்டு. நாம் இதை அப்படியே பின்னாலிருந்து ஆரம்பிக்கிறோம். கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு, எல்லாம் முடிந்தது என்கிறோம்.

1. பிறக்காமல் செய்வது. பிளைவுட் ஷீட்டை வீட்டில் அறுக்கவே வேண்டாம். அளவு கொடுத்தால் பேனல் சாவில் அறுத்துத் தருகிற இடங்கள் பெங்களூரில் இருக்கின்றன. தூசியும் மிச்சம், அறுப்பும் நேராக இருக்கும். முழு மரம் என்றால் உப்புத்தாளைக் குறைத்து இழைப்புளியைக் கூட்டுங்கள். நன்றாகத் தீட்டிய இழைப்புளி விட்டுப்போகிற பரப்புக்குப் பாதி தேய்ப்பு தேவையில்லை. அறுத்தே ஆக வேண்டுமென்றால் வெளியே எடுத்து வந்து அறுங்கள். குளிர் நாட்டுக்காரன் வருஷத்தில் ஐந்து மாசம் கதவைச் சாத்திக்கொண்டுதான் மரவேலை செய்ய முடியும். நமக்கு இங்கே மழை நாள் போக மற்ற நாளெல்லாம் வாசலில் வேலை செய்கிற பருவநிலை. இதைவிடப் பெரிய உபகரணம் எந்தக் கடையிலும் கிடைக்காது. பக்கத்து வீட்டு மாடியில் வடாம் காயவில்லையே என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள் :-)

2. பிறந்த இடத்தில் பிடிப்பது. காசைப் போட வேண்டியது இங்கேதான். சாண்டருக்கும் ரவுட்டருக்கும் கை ரம்பத்துக்கும் வேக்குவம் போதும். அதன் குழாய் மெல்லியது, இழுப்பு பலமானது. ஹெப்பா ஃபில்டர் உள்ளதாகப் பாருங்கள். 0.3 மைக்ரான் துகளில் 99.97 சதவீதத்தைப் பிடிப்பதற்குத்தான் அந்தப் பெயர். ஐரோப்பியத் தரக்குறி இருந்தால் எல், எம், எச் என்று மூன்று வகுப்பு போட்டிருக்கும். மரத்தூசிக்கு எம் வகுப்பு. அதில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவாகத்தான் தப்பிப் போகலாம். ஃபில்டர் சீக்கிரம் அடைக்கிறது என்றால், வேக்குவத்துக்கு முன்னால் பெயின்ட் வாளியின் மேல் ஒரு சைக்ளோன் கூம்பை வையுங்கள். பெருந்தூள் சுழன்று வாளிக்குள் விழுந்துவிடும், ஃபில்டருக்கு மெல்லிய தூசி மட்டும் போகும்.

சாண்டரோடு ஒரு சின்னத் துணிப்பை தருவார்கள். அது பெருந்தூளுக்கு மட்டும். மெல்லியதை நெசவு வழியாக ஊதி வெளியே அனுப்பிவிடும். டேபிள் சாவுக்கும் பிளேனருக்கும் கதை வேறு. அங்கே இழுப்பைவிடக் காற்றின் அளவு முக்கியம், நாலு அங்குலக் குழாய் வேண்டும். அதற்கென்று விற்கிற கலெக்டர்களிலும் மேலே ஒரு துணிப்பை பலூன் மாதிரி ஊதிக்கொண்டு நிற்கும். அந்தத் துணி 30 மைக்ரான் ரகமாக இருந்தால், நாம் வாங்கியது தூசி பிடிக்கும் மெஷின் இல்லை, தூசியைச் சல்லடையில் சலித்து மெல்லியதை மட்டும் அறை முழுக்கத் தூவும் மெஷின். வாங்கும்போது எத்தனை மைக்ரான் என்று கேளுங்கள். கடைக்காரருக்குத் தெரியவில்லை என்றால் நகர்ந்துவிடுங்கள்.

வேலை முடிந்ததும் பையை, வாளியைக் காலி செய்துவிட்டுத் தூங்கப் போங்கள். பழைய மரத்தில் ஆணி இருந்து பிளேடில் பட்டால் பொறி பறக்கும். அது தூளுக்குள் போய்ப் பல மணி நேரம் கனன்றுகொண்டே இருக்கும்.

3. அறைக் காற்றை மாற்றுவது. அதே 2000 கன அடி ஷெட். நிமிடத்துக்கு 500 கன அடி தள்ளுகிற எக்ஸாஸ்ட் ஃபேன் 4 நிமிடத்தில் ஒரு அறைக் காற்றை வெளியேற்றும். ஆனால் புதுக் காற்று பழையதோடு கலந்துகொண்டே இருப்பதால், அந்த 4 நிமிடம் முடிந்தும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தூசி மிச்சம் இருக்கும். கால் மணி நேரம் ஓடவிட்டால் நாற்பதில் ஒரு பங்குக்கு வந்துவிடும். எனவே வேலை முடிந்தும் ஃபேனை நிறுத்தாதீர்கள். எதிர்ப்பக்கம் ஒரு கதவோ ஜன்னலோ திறந்திருக்க வேண்டும், இல்லையென்றால் காற்று எங்கிருந்து வரும்? வீட்டுக்குள் போகிற கதவு மட்டும் சாத்தியிருக்கட்டும். சீலிங் ஃபேனுக்கு ஷெட்டில் வேலையே இல்லை.

ஜன்னல் இல்லாத இடம் என்றால் 2020-ல் கொரோனா நேரத்தில் ரிச்சர்ட் கோர்சி, ஜிம் ரோசந்தால் என்ற இரண்டு அமெரிக்கர்கள் பிரபலமாக்கிய பெட்டி இருக்கிறது. நாலு பக்கம் ஃபில்டர், மேலே ஒரு ஃபேன், சுற்றி டேப். அவ்வளவுதான். பள்ளிக்கூடங்களில் கிருமிக்காகச் செய்தது, தூசிக்கும் வேலை செய்யும்.

4. முகமூடி. கைக்குட்டையும் சர்ஜிக்கல் மாஸ்கும் மெல்லிய தூசிக்கு உதவாது. என்95 வேண்டும். கொரோனா தயவில் அது என்னவென்று இப்போது எல்லோருக்கும் தெரியும். தாடி இருந்தால் விளிம்பில் காற்று கசியும். அடிக்கடி வேலை செய்பவர் ரப்பர் விளிம்பும் மாற்று ஃபில்டரும் உள்ள அரைமுகக் கவசம் வாங்கிவிடலாம். ரம்பத்தை நிறுத்தியதும் கழற்றாதீர்கள். மேலே போட்ட நேரக் கணக்கு ஞாபகம் இருக்கட்டும்.

5. வீட்டுக்குள் கொண்டுபோகாமல் இருப்பது. துடைப்பத்தால் பெருக்கினால் படிந்தது எழும்பும். வேக்குவத்தால் எடுங்கள், இல்லையென்றால் ஈரத்துணி. ப்ளோயரால் சட்டையை ஊதிக்கொள்வதைப் போல முட்டாள்தனம் கிடையாது. வேலைக்கென்று ஒரு பழைய சட்டை, லுங்கி. ஷெட்டிலேயே மாட்டிவிட்டு வாருங்கள். பிள்ளையைத் தூக்குவதற்கு முன்னால் முகம், கை கழுவிக்கொள்ளுங்கள்.

சரி, நம்மை விடுங்கள்

இதுவரை சொன்னது நமக்கு. நமக்கு இது பொழுதுபோக்கு. பிடிக்கவில்லை என்றால் நாளைக்கே நிறுத்திவிட்டு மாடித்தோட்டம் போடலாம். நிறுத்த முடியாதவர் ஒருவர் இருக்கிறார். நம் புது ஃபிளாட்டில் இன்டீரியர் செய்ய வருகிற தச்சர்.

இந்தத் தாலுகாவில் வருஷம் தவறாமல் புதுப் புது அடுக்குமாடிகள் எழும்புகின்றன. சாவி வாங்கியதும் எல்லோரும் முதலில் செய்வது இன்டீரியர். நாலைந்து பேர் வருவார்கள். ராஜஸ்தானிலிருந்து, உத்தரப் பிரதேசத்திலிருந்து, சில சமயம் நம் பக்கத்துப் பையன்கள். ஹாலில் ஷீட்டைப் போட்டு அறுப்பார்கள். சத்தம் வெளியே போனால் அசோசியேஷன் ஆள் வந்துவிடுவார் என்று கதவு, ஜன்னல் எல்லாம் சாத்தியிருக்கும். பலரும் ராத்திரி அதே ஹாலில், அதே தூள் மேல் பாய் விரித்துத் தூங்குவார்கள். ஒன்றரை மாசம் ஒரு வீடு, அப்புறம் அடுத்த வீடு. இப்படி இருபது வருஷம், முப்பது வருஷம். ஹை விக்கம் தொழிலாளியின் கதை நம் ஞாயிற்றுக்கிழமைக்குப் பொருந்தாது. இவருக்குப் பொருந்தும்.

அசோசியேஷன் விதிகளைப் பாருங்கள். வேலை நேரம் இருக்கும், லிஃப்ட் கட்டணம் இருக்கும், குப்பை எங்கே கொட்டுவது என்று இருக்கும். தூசியைப் பற்றி ஒரு வரி இருக்கிறதா?

சட்டம் பார்த்துக்கொள்ளும் என்று சொல்லவும் வழியில்லை. 1948-ன் தொழிற்சாலைச் சட்டம் மின்சாரத்தோடு 10 பேர் வேலை செய்தால்தான் தொழிற்சாலை என்றது. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த புதிய தொழில் பாதுகாப்புத் தொகுப்பு அதை 20 ஆக உயர்த்திவிட்டது. ஹாலில் நின்று அறுக்கும் நாலு பேர் எந்தக் கணக்கிலும் தொழிற்சாலை இல்லை.

இங்கே ஜிகனியில் கிரானைட் பட்டறைகள் வரிசையாக இருக்கின்றன. கல்லை அறுக்கும் இடத்தில் தண்ணீர் விட்டுக்கொண்டே அறுப்பார்கள். பிளேடு சூடாகாது என்பதோடு, தூசியும் சேறாகிக் கீழே போய்விடும். மரத்தில் தண்ணீர் விட முடியாது, பிளைவுட் ஊறிவிடும். அதனால் மரத்துக்குக் காற்றுதான் தண்ணீர். உறிஞ்சுகிற காற்று. அதற்கு ஒரு மெஷின் வேண்டும், மெஷினுக்குக் காசு வேண்டும், அந்தக் காசை யாராவது கொடுக்க வேண்டும்.

யார் கொடுப்பது? நாம்தான் என்பது என் கருத்து. ஹேண்டில் ஜெர்மன், கீல் ஆஸ்திரியா, பிளைவுட் கொதிநீர் தாங்குகிற ரகம் என்று எல்லாவற்றையும் கொட்டேஷனில் வரிக்கு வரி எழுதி வாங்குகிறோம். பல லட்சம் போகிற வேலையில் வேக்குவம் ஒரு சின்னத் தொகை. "அவங்களே மாஸ்க் போட மாட்டேங்கறாங்க சார்" என்று கான்ட்ராக்டர் சொல்வார். உண்மைதான். வியர்வையில், மூச்சு முட்ட, எட்டு மணி நேரம் மாஸ்க் போட யாராலும் முடியாது. அதனால்தான் மாஸ்கைக் கடைசியில் வைத்தேன். ரம்பத்தின் பின்னால் குழாயை மாட்டினால் அவர் மனசு மாற வேண்டிய அவசியமில்லை; தூசி தானாகப் போய்விடும்.

எனவே அடுத்த முறை இன்டீரியர் கொட்டேஷன் பேசும்போது இந்த ஐந்தையும் சேர்த்து எழுதி வாங்குங்கள்:

ஷீட் அறுப்பது முடிந்தவரை வெளியே, பேனல் சாவில்.
வீட்டில் ஓடுகிற ஒவ்வொரு ரம்பத்துக்கும் சாண்டருக்கும் வேக்குவம் இணைப்பு. அதன் விலையில் பங்கு கொடுக்க நாம் தயார்.
அறுப்பதற்கு ஒரே அறை அல்லது பால்கனி, ஜன்னலில் எக்ஸாஸ்ட் ஃபேன்.
சாண்டிங் நேரத்துக்கு என்95, தினமும் புதிது, நம் செலவில்.
தூங்குவதற்கு வேறு அறை, தூள் எடுத்துச் சுத்தம் செய்தது.

வேலை முடியும் முன்னால் குடும்பத்தோடு குடியேறாதீர்கள் என்று ஆறாவதாகச் சேர்த்துக்கொள்ளலாம். நல்ல நாள் பார்த்துப் பால் காய்ச்சிவிட்டுத் திரும்பி வந்துவிடுங்கள். முகூர்த்தத்துக்கு ஒரு குறையும் வராது.

இத்தனையும் செய்தால் தச்சரின் முப்பது வருஷத்தில் நம் வீட்டின் ஒன்றரை மாசம் மட்டும்தான் சுத்தமாகும் என்று எனக்கும் தெரியும். ஆனால் அடுத்த வீட்டுக்காரரும் கேட்டால் மூன்று மாசம். ஒரு அசோசியேஷன் விதியாகப் போட்டால் அந்த வளாகத்தில் அவர் செய்கிற அத்தனை வீடும். வாங்கிய வேக்குவம் கான்ட்ராக்டரிடமே இருக்கும், அடுத்த வேலைக்கும் கூடப் போகும். நம் ஊரில் ஹெல்மெட்டை விட சட்டத்துக்குப் பயந்து போட்டவர்கள்தான் அதிகம் என்பார்கள்; இங்கே பயமுறுத்தச் சட்டமும் இல்லை. கேட்கிறவன் கேட்டால்தான் உண்டு.

உங்கள் ஷெட்டுக்கும் அதே விதி. ரம்பம் வாங்கப் போகும் கடையில் முதலில் உறிஞ்சியின் விலையைக் கேளுங்கள். இரண்டையும் சேர்த்து வருகிற தொகைதான் ரம்பத்தின் உண்மையான விலை.